பாதிப் பிளாஸ்திரி

ஜூன் 3, செவ்வாய்

கையெழுத்துப் போட்டுவிட்டேன். போடுவதற்கு முன் அந்தச் சம்மதத் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரை இரண்டு முறை படித்தேன். வரிசையில் பின்னால் இருந்தவர்கள் முனகினார்கள். முனகட்டும். ‘காரணம் எதுவும் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் இந்த ஆய்விலிருந்து விலகிக்கொள்ளலாம்’ என்று ஒரு வரி இருக்கிறது. இவ்வளவு தாராளமாக யாரும் எனக்கு எதையும் கொடுத்ததில்லை. அப்படிக் கொடுத்தால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கும்.

பதிவு செய்கிற பெண் பெயர் நிலோஃபர். மேலப்பாளையத்துப் பிள்ளை. “இத முழுசா யாரும் படிச்சதில்லம்மா. நீங்க டீச்சரா இருந்தீங்களா?” என்று கேட்டாள். எட்டாவது என்றேன். அவள் முகம் மாறியதை நான் கவனிக்காமல் இல்லை.

முப்பது வருஷம் கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவள் நான். மனநலம், பொருளறிவியல், கணிதம், மருத்துவம் என்று எத்தனையோ பேருடைய டாக்டர் பட்டம் என் மெஷின் கண்ணாடி மேல் படுத்து எழுந்துதான் போயிருக்கிறது. மெஷின் சூடாகிற நேரத்திலும் ஆறுகிற நேரத்திலும் உட்கார்ந்து படித்தேன். புரியாததை அகராதி வைத்துப் படித்தேன். ஒரு பையனுடைய ஆய்வேட்டில் அட்டவணைக் கூட்டல் தப்பாக இருந்ததைக் காட்டினேன். திருத்திக்கொண்டு போனான். பட்டம் வாங்கியதும் எல்லோருக்கும் லட்டு கொடுத்தான், எனக்கும் ஒன்று கொடுத்தான், “ஜெராக்ஸ் அக்கா” என்று. நன்றிப் பக்கத்தில் அவன் வீட்டு நாயின் பெயர் வரைக்கும் இருந்தது.

சரி, விஷயம் இது. என் வீட்டுக்காரர் இவருக்கு ஜனவரியில் பக்கவாதம் வந்தது. கை கால் பெரும்பாலும் திரும்பிவிட்டது. பேச்சு திரும்பவில்லை. பேச்சு நரம்பு நன்றாக இருக்கிறது, மனம்தான் முடங்கிவிட்டது என்கிறார் டாக்டர் ஜெயசிங். பக்கவாதத்துக்குப் பின் இப்படிச் சிலருக்கு வருமாம். அதற்குத்தான் இந்தப் புது மருந்து. மாத்திரை இல்லை, பிளாஸ்திரி. டம்ளர் வாய் அளவு வட்டம். உள்ளே பசை போன்ற மருந்து, அதன் மேல் புதிதாகக் கண்டுபிடித்த ஒரு ஜவ்வு. முதுகில் ஒட்டினால் ஒரு வாரத்துக்கு மருந்தைச் சிறுகச் சிறுகத் தோலுக்குள் விடுமாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் மாற்ற வேண்டும்.

ஆனால் பாதிப் பேருக்கு வெறும் பிளாஸ்திரி. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் குலுக்கிப் போடுகிறதாம். கம்ப்யூட்டர் கொடுக்கும் எண்கள் தற்செயலானவை அல்ல, ஒரு விதை எண்ணிலிருந்து முளைப்பவை என்று ஒரு கணித ஆய்வேட்டில் படித்திருக்கிறேன். அந்த விதையைப் போடுவது யார் என்று டாக்டரிடம் கேட்டேன். சிரித்தார்.

கூட இருப்பவருக்கும் ஒரு கேள்வித்தாள் உண்டு. ‘கடந்த இரண்டு வாரங்களில் காரணமின்றி அழுகை வந்ததா? எதிலும் பிடிப்பில்லாமல் இருந்ததா?’ நோயாளி அவர். என்னை எதற்கு நோட்டம் விடுகிறார்கள்? எல்லாவற்றுக்கும் ‘இல்லவே இல்லை’ என்று போட்டேன்.

ஜூன் 5, வியாழன்

குளிப்பாட்டினேன். சவரம் செய்துவிட்டேன். இட்லி மூன்று தின்றார். சட்னி போதுமா என்று கேட்டேன். சுவரைப் பார்த்தார்.

பேச்சு இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

பிளாஸ்திரி மாற்றினேன். பழையதை அட்டையில் ஒட்டி வைக்க வேண்டும், திருப்பி வாங்கிக்கொள்வார்களாம். தின்றுவிட்ட வாழைப்பழத்தின் தோலை யாராவது திருப்பிக் கேட்பார்களா?

காலையில் குழாயடியில் குடம் நிரம்பி வழிந்து தெருவெல்லாம் தண்ணீர். எதிர்வீட்டுக்காரி வந்து குழாயை மூடினாள். “மதினி, என்ன ஆச்சு, கூப்பிடக் கூப்பிட நிக்கிய?” என்றாள். கணக்கு ஒன்று யோசித்துக்கொண்டிருந்தேன் என்றேன். என்ன கணக்கு என்று அவளும் கேட்கவில்லை, நல்லவேளை.

ஜூன் 12, வியாழன்

கை கால் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே லூர்தம்மாளும் அவள் புருஷன் சவரிமுத்துவும் வந்திருந்தார்கள். இவர்களும் எங்களோடு அதே நாளில் ஆய்வில் சேர்ந்தவர்கள். சமாதானபுரத்தில் வீடு. சவரிமுத்து மாநகராட்சியில் தண்ணீர் திறந்துவிடும் வேலை பார்த்தவர். இருதயமும் கொஞ்சம் பலவீனம். லூர்துக்குப் படிக்கத் தெரியாது. சேர்ந்த அன்று அவளுக்கும் தாளை நான்தான் படித்துச் சொன்னேன். அதிலிருந்து அக்கா அக்கா என்று என் கூடவே நிற்கிறாள். எனக்கும் அது பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது.

விஷயம் என்னவென்றால், சேர்ந்த அன்று சவரிமுத்து இவரைவிட மோசம். தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். இன்று பெஞ்சில் உட்கார்ந்து தாளம் போடுகிறார். இவரைப் பார்த்ததும், “வாங்க கண்டக்டர் ஐயா. விசிலை வீட்டுல வச்சிட்டு வந்துட்டீயளா?” என்றார். இவர் பஸ் கண்டக்டராக இருந்தவர் என்று லூர்து சொல்லியிருப்பாள்.

“பேசமாட்டாரு” என்றேன்.

“பேச வேண்டாம் மதினி. நான் ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசிக்கிடுதேன். ஐயா, வண்டி கிளம்பட்டும், ரைட்டுன்னு தலைய மட்டும் ஆட்டுங்க.”

இவர் தலையை ஆட்டினார். உதடும் கொஞ்சம் விரிந்தது. அதைச் சிரிப்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்து நானும், “வண்டி கிளம்பட்டுமா?” என்று கேட்டுப் பார்த்தேன். சுவரைப் பார்த்தார்.

ஜூன் 13, வெள்ளி

சவரிமுத்துவுக்கு நிஜ மருந்து. இவருக்கு வெறும் பிளாஸ்திரி. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எட்டாவது படித்தவள் வீட்டுக்கு வெறும் பிளாஸ்திரி போதும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். சவரிமுத்து அதுகூடப் படிக்கவில்லை என்பது உண்மைதான். அவருக்கு வேறு காரணம் இருக்கும்.

ஜூன் 16, திங்கள்

லூர்துவை வரச் சொல்லியிருந்தேன். நேற்று கழற்றிய பிளாஸ்திரியை அட்டையோடு கொண்டுவந்தாள். அவருடையதையும் இவருடையதையும் தனித்தனி டம்ளரில் வெந்நீரில் ஊறவைத்தேன். அந்த நீரை இரண்டு எவர்சில்வர் தட்டில் ஊற்றி மொட்டைமாடியில் வெயிலில் வைத்தோம். காக்கை வராமல் லூர்து கம்போடு உட்கார்ந்திருந்தாள்.

மதியத்துக்குள் வற்றிவிட்டது. இவர் தட்டு துடைத்த மாதிரி இருந்தது. சவரிமுத்துவின் தட்டில் வெளிறிய மஞ்சளாக ஒரு வளையம். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கசந்தது. நாக்கு நுனி மரத்தது.

“யக்கா, விஷமா இருந்தா என்ன செய்வீய?”

“விஷத்தையா உன் வீட்டுக்காரர் முதுகுல ஒட்டியிருக்காங்க?”

“அவுகளுக்கு எதுவும் செய்யாது. கல்லைத் தின்னாலும் செரிக்கும். உங்களுக்கு அப்படியா” என்று சிரித்தாள். பிறகு இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

ஜூன் 17, செவ்வாய்

ஆஸ்பத்திரி. பழைய பிளாஸ்திரிகளைக் கொடுத்தோம். நிலோஃபர் எடுத்துப் பார்த்து, “நனைஞ்ச மாதிரி இருக்கே” என்றாள். வேர்வை என்றேன்.

டாக்டர் ஜெயசிங் இவரிடம் பத்துக் கேள்வி கேட்டார். ஒன்றுக்கும் வாய் திறக்கவில்லை. “இன்னும் நாள் இருக்கு, பாப்போம்” என்றார். ‘நாள் இருக்கிறது’ என்றால் என்ன அர்த்தம்? நாள் யாருக்கு இருக்கிறது? டாக்டருக்கு நாற்பது வயது, அவருக்கு இருக்கும்.

“இவருக்கு நிஜ மருந்து போடுங்க. நான் வேற எதுவும் கேக்கல” என்றேன்.

“இவருக்குப் போட்டிருக்கிறது நிஜம் இல்லேன்னு எனக்கே தெரியாதேம்மா.”

“எனக்குத் தெரியும்.”

என்னை ஒரு மாதிரி பார்த்தார். மறுபடியும் கேள்வித்தாள் கொடுத்தார்கள். மறுபடியும் ‘இல்லவே இல்லை’.

ஜூன் 20, வெள்ளி

கோதுமையில் வண்டு. முறத்தில் போட்டு வெயிலில் வைத்தேன். நாற்காலியை இவர் பக்கத்தில் போட்டுக்கொண்டு வண்டு பொறுக்கினேன். கடையை மூடிய கதையைச் சொன்னேன், எல்லாரும் செல்போனிலேயே படித்துக்கொள்ள ஆரம்பித்த கதையை. இவருக்குத் தெரிந்த கதைதான். முன்பெல்லாம் நடுவில் புகுந்து, “ஏ, இத எத்தன தடவ சொல்லுவ?” என்பார். அப்படியாவது சொல்வார் என்றுதான் சொன்னேன்.

சொல்லவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

செய்தேன். எழுதி வைக்கிறேன்.

லூர்து காலைப் பூசை முடிந்ததும் இங்கே வந்தாள், சவரிமுத்துவின் புதுப் பிளாஸ்திரியோடு. நான் நேற்றே பேசி வைத்திருந்தேன். அவள் மனம் இன்னும் இரண்டுங்கெட்டானாகத்தான் இருந்தது.

“அவுகளுக்குக் கொறஞ்சு போயிராதாக்கா?”

“உன் வீட்டுக்காரர் பாடுதாரு லூர்து. பாதி மருந்துல பாட்டு நிக்கவா போவுது? இங்க பாரு.” இவரைக் காட்டினேன். இவர் நாற்காலியில் எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அவள் இவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். “அண்ணாச்சிக்குக் கொடுக்கிறதுக்கு எனக்கென்ன” என்றாள். பிறகு உறையைத் திருப்பி, “இந்தச் செவப்பு எழுத்துல என்னக்கா போட்டிருக்கு?” என்று கேட்டாள்.

‘வெட்டவோ மடிக்கவோ கூடாது’ என்று போட்டிருந்தது. நான் இதை முதல் நாளே படித்துவிட்டேன், காரணமும் யோசித்துவிட்டேன். பங்கு போட்டுக்கொண்டால் அவர்கள் கணக்கு குழம்பும். அதற்காகத்தான் சிவப்பு எழுத்து. மற்றபடி பரப்பளவு பாதியானால் மருந்து பாதி. இதற்கு டாக்டர் பட்டம் வேண்டாம்.

“தண்ணி படாமப் பாத்துக்கன்னு போட்டிருக்கு” என்றேன்.

தையல் கத்திரிக்கோலை வெந்நீரில் கழுவி, இரண்டு பிளாஸ்திரியையும் நடுவில் வெட்டினேன். அவருடையதில் பாதி, இவருடையதில் பாதி, சேர்த்தால் ஒரு வட்டம். இவருடையதை வெட்டியபோது ஓரம் காய்ந்திருந்தது. சவரிமுத்துவுடையதை வெட்டியபோது ஓரத்தில் பசை பிதுங்கியது. துணியால் ஒற்றினேன். மறுபடி பிதுங்கியது. மருந்து நிறைய இருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம்.

இவர் முதுகில் நானே ஒட்டினேன். லூர்து தன் பங்கைப் பட்டர் பேப்பரில் மடித்து எடுத்துக்கொண்டு போனாள். வாசல் வரை போய்த் திரும்பி, “யக்கா, அண்ணாச்சி பேசினா மொதல்ல எனக்குத்தான் போன் போடணும்” என்றாள்.

ஜூன் 23, திங்கள்

வேலை செய்கிறது. விடிந்ததிலிருந்து இவர் காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறார். கண் ஓரிடத்தில் நிற்கவில்லை. கன்னத்தில் ரத்த ஓட்டம் தெரிகிறது. நெற்றியெல்லாம் வேர்வை. ஐந்து மாதமாக மரக்கட்டை மாதிரி இருந்த மனிதர்.

லூர்துக்குப் போன் போட்டேன். “இன்னும் பேசல. ஆனா உசுரு வந்திருக்கு” என்றேன். அவள், “இவுகளுக்கும் ஒரே வேர்வைக்கா. நெஞ்சு படபடங்குதுங்காக” என்றாள். வெயில் என்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

இரண்டு நாளாக இவர் தூங்கவில்லை. கை நடுங்குகிறது. டம்ளரைப் பிடித்துக்கொண்டேன். நாடி பார்த்தேன், வேகம். முடங்கிக் கிடந்த எந்த மெஷினும் ஓட ஆரம்பிக்கும்போது அதிரத்தான் செய்யும்.

என்னைப் பார்த்தார். சுவரை இல்லை, என்னை. உதடு அசைந்தது. பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தேன். மூடிக்கொண்டார்.

நாளைக்குப் பேசிவிடுவார்.

ஜூன் 25, புதன்

காலையில் லூர்து போன். சவரிமுத்து கக்கூஸ் வாசலில் விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் தீவிரப் பிரிவில் வைத்திருக்கிறார்கள். இருதயம் தாறுமாறாக அடிக்கிறது, காரணம் பிடிபடவில்லை என்கிறார்களாம்.

“பிளாஸ்திரிய நான் உரிச்சு எறிஞ்சிட்டேன்க்கா, பயத்துல. டாக்டர் கேட்டாரு, ஒழுங்கா மாத்துனீங்களான்னு. மாத்துனேன்னுதான் சொன்னேன். நீங்க எதுவும் சொல்லிராதீய. வெளிய அனுப்பிட்டாங்கன்னா அப்புறம் யாரு பாப்பா இவுகள?”

சொல்லமாட்டேன் என்றேன்.

சொல்லத்தான் வேண்டுமா என்று யோசித்தேன். அவருக்கு முன்பே இருதயம் பலவீனம். பிளாஸ்திரியைத்தான் எடுத்தாகிவிட்டது, இனி சொல்லி என்ன ஆகப்போகிறது? சொன்னால் இவர் முதுகில் இருப்பதையும் பிடுங்கிவிடுவார்கள். இவர் இன்றோ நாளையோ பேசப்போகிறார். சாயங்காலம் வரை பார்க்கலாம் என்று இருந்தேன். துவரம்பருப்பை வேகவைத்தேன். இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன்.

மூன்று மணிக்கு நிலோஃபர் ஸ்கூட்டரில் வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே பேச ஆரம்பித்தாள்.

“அம்மா, சவரி ஐயா முதுகுல பிளாஸ்திரி ஒட்டின எடம் பாதிதான் செவந்திருக்கு. பாதி வட்டம். மறுபாதி சும்மா இருக்கு. எங்களுக்கு ஒண்ணும் புரியல. நீங்களும் அவங்களும் பழக்கம். ஏதாவது தெரியுமா?”

“எனக்கு எப்படித் தெரியும்? அவங்க வீடு சமாதானபுரத்துல இருக்கு.”

“லூர்தம்மா அழுதுகிட்டே இருக்காங்க, சொல்லமாட்டேங்கிறாங்க. அந்த மருந்து அளவுக்கு மேல உள்ள போயிருந்தா அதுக்கு மாத்து மருந்து இருக்கு. ஆனா தெரியாம அதக் கொடுக்க முடியாது. கொடுத்தா அதுவே ஆபத்து. டாக்டர் கையப் பெசஞ்சிட்டு நிக்காரு.”

“உங்க மருந்து, உங்க டாக்டர். என்கிட்ட கேட்டா?”

அப்போது பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது. இவர் எழுந்து நின்றிருந்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு. சட்டைப் பித்தான் ஒன்றை அவிழ்த்தார். அடுத்தது வரவில்லை. விரல் நடுங்கியது. இழுத்தார், அறுந்தது. திரும்பி நின்றார்.

“என் முதுகப் பாரும்மா” என்றார்.

கரகரப்பாக, அடியிலிருந்து வந்த குரல். ஆனால் அவர் குரல்தான்.

நிலோஃபர் பிளாஸ்திரியை உரித்தாள். இரண்டு அரைவட்டம் அவள் கையோடு வந்தது. முதுகில் ஒரு பாதி மட்டும் மிளகாய் அரைத்துப் பூசியதுபோலச் சிவந்திருந்தது. மறுபாதி வெறும் தோல். என்ன நடந்தது என்று அவள் என்னைக் கேட்கவில்லை. அங்கேயே நின்று டாக்டருக்குப் போன் செய்தாள். “வெட்டிப் பங்கு போட்டிருக்காங்க சார். ஜவ்வு ஓரம் தொறந்து மொத்தமும் ஒரேயடியா எறங்கியிருக்கு. ஆமா சார், இவருக்கும்.” இவர் முதுகை ஈரத்துணியால் துடைத்தாள், மறுபடி மறுபடி. பிறகு ஆட்டோ பிடித்து எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஸ்கூட்டர் எங்கள் வாசலில் நிற்கிறது.

ஆட்டோவில் அவளிடம் ஒன்று மட்டும் சொன்னேன். “மறுபாதி செவக்கல, கவனிச்சியா? இவருக்கு வெறும் பிளாஸ்திரிதான்னு நான் அன்னிக்கே சொன்னேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். இவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஜூன் 26, வியாழன்

சவரிமுத்துவுக்கு மாற்று மருந்து நேற்றே போனது. காலையில் கண் விழித்தாராம். இவரை வார்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். நாடி இறங்கிவிட்டது.

தீவிரப் பிரிவு வாசலில் லூர்துவைப் பார்த்தேன். நிலோஃபர் காலி உறையைக் கையில் வைத்துக்கொண்டு அவளிடம் பேசிக்கொண்டிருந்தாள். “செவப்பு எழுத்துல வெட்டக்கூடாதுன்னு போட்டிருக்கேம்மா.”

“தண்ணி படக்கூடாதுன்னுல்ல போட்டிருக்கு?” என்றாள் லூர்து.

லூர்து உறையை வாங்கி, அந்தச் சிவப்பு எழுத்தையே பார்த்தாள், படிக்கத் தெரிந்தவள் மாதிரி. பிறகு என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 28, சனி

இவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு பேரையும் ஆய்விலிருந்து நீக்கியாகிவிட்டது. சவரிமுத்துவின் சிகிச்சையை ஆஸ்பத்திரியே பார்த்துக்கொள்ளுமாம். லூர்து பயந்தது வீண்.

டாக்டர் ஜெயசிங்கிடம் கேட்டேன், இவருடையது வெறும் பிளாஸ்திரிதானே என்று. “சவரிமுத்துவுக்கு உயிர் ஆபத்துங்கறதால அவரோடத மட்டும் திறந்து பாத்தோம். நிஜ மருந்துதான். உங்க வீட்டுக்காரரோடத ஆய்வு முடியிற வரைக்கும் திறக்க முடியாது” என்றார்.

“திறக்க வேண்டாம். இவர் பேசினார். அத எழுதுங்க. அரை மருந்துல மூணாம் நாள் பேசினார்னு எழுதுங்க.”

“அது கணக்குல சேராதும்மா.”

“ஏன் சேராது? என் காதால கேட்டேன். உங்க நிலோஃபரும் கேட்டா.”

“எதனால பேசினார்னு தெரியாதே. மருந்தா, இல்ல அந்த நேரத்துல...” பேனாவை மூடினார். “உங்களுக்கும் ஒரு டாக்டரப் பாத்தா நல்லது. தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க தூங்கி எத்தன நாளாச்சு?”

ஒருத்தி சொல்வதை எழுதிக்கொள்ள முடியவில்லை என்றால் அவளைப் பைத்தியம் ஆக்கிவிடுவது எளிது. எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் 30, திங்கள்

பேச்சு இல்லை. அந்த ஒரு வார்த்தைக்குப் பின் ஆஸ்பத்திரியிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. மருந்து உடம்பிலிருந்து இறங்கிவிட்டது. நான் சொன்னதுதான்.

ஜூலை 2, புதன்

இன்று குளிப்பாட்டும்போது கையைத் தட்டிவிட்டார். தானே குளித்தார். முதுகுக்கு எட்டவில்லை. தேய்க்கட்டுமா என்றேன். தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

அந்தச் சிவப்பு இன்னும் முழுதாக மறையவில்லை.

ஜூலை 4, வெள்ளி

அன்று அவர் பேசியது நிலோஃபரிடம். “பாரும்மா” என்றது அவளை. அதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். பேச முடிந்தவர் எப்போதிலிருந்து பேச முடிந்தவர்? கத்திரிக்கோல் எடுத்தபோது பார்த்துக்கொண்டுதானே இருந்தார்? லூர்து சிவப்பு எழுத்தைக் கேட்டபோதும், நான் அவளுக்குச் சொன்ன பதிலையும் கேட்டுக்கொண்டுதானே இருந்தார்? செவ்வாய்க்கிழமை உதட்டை அசைத்துவிட்டு மூடிக்கொண்டாரே, அப்போது என்ன சொல்ல வந்தார்?

நேரே கேட்டுவிட்டேன். என்னைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். எனக்குத்தான் அடுப்பில் வேலை இருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

சவரிமுத்து வீட்டுக்கு வந்துவிட்டதாக எதிர்வீட்டுக்காரி சொன்னாள். அதை இவர் கேட்டிருக்கிறார். நான் சோறு வடித்துவிட்டு வரும்போது சட்டையை மாற்றிக்கொண்டு செருப்புக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தார்.

“எங்க?” என்றேன். கதவைப் பார்த்தார்.

“அங்க நமக்கு என்ன மொகம் இருக்கு? லூர்து உள்ள விடமாட்டா.”

அவர் தானே தாழ்ப்பாளை நீக்கினார். தனியாக விட முடியுமா? பூட்டிக்கொண்டு பின்னால் போனேன். ஆட்டோக்காரரிடம் சமாதானபுரம் என்று நான்தான் சொன்னேன்.

லூர்து வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் வாளியை வைத்தாள். இளைத்திருக்கிறாள். என்னிடம் பேச ஏதாவது வைத்திருப்பாள் என்று தயாராகவே வந்திருந்தேன், பதிலும் வைத்திருந்தேன். பாதி மருந்து என்ற யோசனையில் தப்பில்லை, ஜவ்வைப் பற்றி யாரும் ஒழுங்காகச் சொல்லித் தரவில்லை, அதுதான் தப்பு. சிவப்பு எழுத்துக்குத்தான் பதில் வைத்திருக்கவில்லை.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. “வாங்க அண்ணாச்சி. அவுக முழிச்சுதான் இருக்காக. உங்களத்தான் கேட்டுகிட்டே இருந்தாக” என்றாள்.

உள்ளேயிருந்து சவரிமுத்துவின் குரல், மெலிந்து: “யாரு, கண்டக்டர் ஐயாவா? முன்னால ஏறுங்க. சீட்டு இருக்கு.”

இவர் படி ஏறினார். கைத்தாங்கலுக்கு நானும் கூடவே ஒரு காலைப் படியில் வைத்தேன். அவர் நின்றார். திரும்பினார். ஐந்து மாதமாக நான் எதைக் கேட்டாலும் சுவரைப் பார்த்த அந்த முகம் எனக்கு நேராக இருந்தது.

“வடிவு” என்றார். “நீ வெளிய நில்லு.”

குழறவில்லை. எந்த எழுத்தும் தேயவில்லை. முதுகில் எந்தப் பிளாஸ்திரியும் இல்லை. எனக்குத்தான் சொன்னார், பெயர் சொல்லி, என்னைப் பார்த்து.

காலை எடுத்துக்கொண்டேன். அவர் உள்ளே போனார். லூர்து கதவை முழுக்கச் சாத்தவில்லை, பாதிதான் சாத்தினாள்.

நான் வாசலுக்கு வெளியே நின்றேன். தெளித்த தண்ணீர் அதற்குள் காய்ந்துவிட்டது. உள்ளே இரண்டு ஆண் குரல்கள் கேட்டன. ஒன்று நிறையப் பேசியது, ஒன்று கொஞ்சமாக. என்ன பேசுகிறார்கள் என்று காது கொடுக்கவில்லை. எதிர்வீட்டுத் திண்டில் உட்காரச் சொல்லி ஒரு அம்மா கூப்பிட்டாள். வேண்டாம் என்றேன்.

“எவ்வளவு நேரம்தான் வெயில்ல நிப்பீய?” என்றாள்.

“நிக்கச் சொல்லியிருக்காக” என்றேன்.